சருகு முதலில் ஊறட்டும்

டீ வடிகட்டியதும் வடிகட்டியில் தங்குகிற சக்கையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இன்றைக்குப் பேசப்போகிற விஷயம் அதற்குள்ளேயே இருக்கிறது. தேயிலையும் ஓர் இலைதான். பறித்து, வாட்டி, காயவைத்து நம் வீட்டுக்கு வந்தபின், கொதிக்கவைத்து அதன் துவர்ப்பையும் நிறத்தையும் தண்ணீரில் இறக்கிக் குடித்துவிடுகிறோம். மிச்சமிருக்கும் சக்கையை ஒருமுறை அலசிவிட்டு மண்புழுத் தொட்டியில் புதைத்தால் சில வாரங்களில் அடையாளம் தெரியாமல் போய்விடும். அலசாமல் போட்டால் பாலும் சர்க்கரையும் எறும்பைக் கூப்பிடும். அதே தொட்டியில் மரத்தடியிலிருந்து கூட்டி வந்த மாவிலைச் சருகைக் கொட்டிப் பாருங்கள். மாதக்கணக்கில் காம்பும் நரம்புமாக அப்படியே கிடக்கும். ஓர் இலை வெந்து, துவர்ப்பு இறங்கி, இளகிப் போய்த் தொட்டிக்கு வந்தது. மற்றது மரத்திலிருந்து விழுந்த கோலத்திலேயே வந்தது.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மொட்டைமாடியிலும் பின்கட்டிலும் மண்புழுத் தொட்டி வைக்கத் தொடங்கியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "தென்னைநார்க் கட்டி காசு குடுத்து வாங்கணுங்களா, இல்ல சருகையே படுக்கையாப் போட்டுக்கலாங்களா?" தாராளமாகப் போடலாம். வாங்கிப் போடும் பலதையும்விடச் சருகு நல்லது. ஆனால் புழுவிடம் கொடுப்பதற்கு முன் அதைத் தண்ணீரிடமும் பூஞ்சையிடமும் கொடுத்து வாங்க வேண்டும். சருகு போட்டுத் தொட்டி கெட்டுப்போனது என்று சொல்கிற வீடுகளில் பெரும்பாலும் இந்த ஒரு படிதான் விட்டுப்போயிருக்கும்.

படுக்கை எதற்கு என்று முதலில் பார்த்துவிடுவோம். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகத்தான் ஆக்சிஜன் உள்ளே போகிறது. தோல் காய்ந்தால் அது சாகும். தண்ணீர் தேங்கிக் காற்றுப் போனாலும் சாகும். ஈரமும் காற்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வேண்டும். சமையலறைக் கழிவு மட்டும் இதைத் தராது. தக்காளித் தோல், பூசணிக் குடல், கீரைத் தண்டு எல்லாம் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இரண்டே நாளில் தளர்ந்து கூழாகி, அடியில் காற்றில்லாமல் புளித்து நாறும். இடையிடையே சருகு இருந்தால் அதன் நரம்புகள் அந்தக் கூழைத் தாங்கிப் பிடிக்கும். இலைக்கும் இலைக்கும் நடுவே காற்றுக்கு வழி இருக்கும். வழிகிற தண்ணீரைச் சருகு குடித்து வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மேரி அப்பல்ஹோஃப் என்ற பெண்மணி வீட்டுக்குள் மண்புழுத் தொட்டி வைப்பதைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். உலகம் முழுக்கப் பல வீடுகளுக்கு இந்தப் பழக்கம் போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கிழித்த செய்தித்தாளைப் படுக்கையாக்கும் வழக்கம் அங்கே பரவலானது. பனி விழும் ஊரில், வீட்டுக்குள் வைக்கும் பெட்டிக்கு அது பொருத்தம். வருஷத்தில் பாதி நாள் வெயில் கொளுத்தும் சேலத்தில் வெறும் காகிதம் சீக்கிரம் காய்ந்துவிடும். ஒருநாள் தண்ணீர் அதிகமானால் அடையாக அமுங்கிவிடும். சருகோடு கலந்து கொஞ்சம் போடலாம், அவ்வளவுதான்.

இனிச் சருகின் உள்விவரம். மரம் இலையைச் சும்மா உதிர்ப்பதில்லை. உதிர்ப்பதற்கு முன்பே அந்த இலையில் இருக்கும் தழைச்சத்திலும் மணிச்சத்திலும் தோராயமாகப் பாதியைத் திரும்ப உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாவது அந்த நேரத்தில்தான். இழுக்க முடியாமல் விட்டுவிடுவது சுண்ணாம்புச் சத்தை. அதனால் கீழே விழுந்த சருகில் தழைச்சத்து குறைவு, கார்பன் அதிகம், சுண்ணாம்பு தாராளம். நுண்ணுயிர்கள் சீராக வேலை செய்ய, ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருப்பது நல்லது என்பார்கள். காய்கறிக் கழிவில் கார்பன் 15, 20 பங்குதான். சருகில் மரத்தைப் பொறுத்து 40 முதல் 80 வரை போகும். இரண்டும் சேரும்போது கணக்கு நடுவில் வந்து நிற்கிறது. தனிச் சருகு தூங்கிக் கிடக்கும், தனிக் கழிவு நாறும் என்பதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

இதிலேயே இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. தானாக உதிர்ந்த இலையும், கிளையை வெட்டிப் போட்டுக் காய்ந்த இலையும் ஒன்றல்ல. வெட்டிய கிளையில் மரம் எதையும் திரும்ப எடுத்துக்கொள்ள நேரம் இருந்திருக்காது. தழைச்சத்து முழுதும் இலையிலேயே இருக்கும். மின்கம்பிக்காக வெட்டிப் போட்ட பச்சைத் தழையைக் குவித்து வைத்தால் இரண்டு நாளில் உள்ளே கை வைக்க முடியாத சூடு ஏறுவது அதனால்தான். 35 டிகிரிக்கு மேல் போனாலே புழுக்கள் தவிக்க ஆரம்பிக்கும். பச்சைத்தழை உரக்குழிக்குப் போகட்டும். புழுத்தொட்டிக்கு உதிர்ந்த சருகு வரட்டும்.

புழு இலையைக் கடித்துத் தின்பதாகத்தான் பலரும் நினைக்கிறோம். அதற்குப் பல்லே கிடையாது. இலைமேல் படர்ந்திருக்கும் பாக்டீரியாவையும் பூஞ்சையையும், அவை ஏற்கெனவே இளக்கி வைத்த திசுவையும் உறிஞ்சி இழுத்து, உள்ளே இருக்கும் அரைவைப்பையில் மண்துகளோடு சேர்த்து அரைக்கிறது. சார்லஸ் டார்வின் சாவதற்கு முந்தைய ஆண்டு, 1881-ல், மண்புழுக்களைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். புழுக்கள் இலையை உண்பதற்கு முன்பு தங்கள் வாயிலிருந்து ஒரு திரவத்தைச் சுரந்து அதை நனைக்கின்றன என்று அதில் விவரித்தார். வளைகளுக்குள் இழுத்துச் செல்லப்பட்ட 227 வாடிய இலைகளை வெளியே எடுத்துப் பார்த்து, அவற்றில் 181 இலைகள் நுனிப்பக்கமாகவே இழுக்கப்பட்டிருந்தன என்று எண்ணிச் சொன்னார். குறுகலான நுனி சுலபமாக நுழையும் என்பது கண்ணில்லாத அந்த உயிருக்கு எப்படித் தெரிந்தது என்ற வியப்பு அந்தப் பக்கங்களில் நிறைய. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது நனைக்கும் வேலைதான். இலையை இளக்குவது புழுவே செய்ய நினைக்கிற காரியம். அதை நாம் முன்கூட்டியே செய்து கொடுக்கிறோம்.

எந்த மரத்துச் சருகு? மாம்பழத்துக்குப் பேர்போன நம் மாவட்டத்தில் எளிதாகக் கிடைப்பது மாவிலை. சிரமமான இலைகளில் ஒன்றும் அதுதான். மேலே மெழுகுப் பூச்சுள்ள தடித்த தோல். உள்ளே லிக்னின் என்கிற மரத்தன்மை. கூடவே துவர்ப்பு தரும் டானின். நாம் குடிக்கிற டீயில் நாக்கைப் பிடிக்கிறதே, அதே வகைப் பொருள்தான். புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நுண்ணுயிர்களின் வேலையைத் தடுக்கும். ஆனாலும் மாவிலையை ஒதுக்கத் தேவையில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் எஸ். கஜலட்சுமியும் எஸ்.ஏ. அப்பாசியும் உடன் ஆய்வாளர்களும் மாமரத்துச் சருகை மண்புழு உரமாக்கும் ஆய்வைச் செய்து 2005-ல் வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்ட வழி, சருகை முதலில் மட்கவைத்து அதன்பிறகு புழுவிடம் விடுவது. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இரண்டு படிகளும் வரிசையாக இருக்கின்றன.

வேப்பிலையைப் பற்றிய பயம் இதைவிடப் பெரியது. ஆடியில் மாரியம்மன் கோயில்களில் குவியும் வேப்பிலையைப் பார்த்து, "இதப் போட்டா புழுவெல்லாம் செத்துப்போயிரும் கண்ணு, கசப்பில்ல" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். பூச்சிக்கு விரட்டியாக இருப்பது புழுவுக்கும் விஷமாகத்தானே இருக்கும் என்பது நியாயமான சந்தேகம். மேலே சொன்ன அதே இரண்டு ஆய்வாளர்கள் இதையும் சோதித்து 2004-ல் எழுதினார்கள். மட்கவைத்த வேப்பிலையை ஆப்பிரிக்க மண்புழுவான யூட்ரிலஸ் யூஜினியேவுக்குக் கொடுத்தபோது, அவை ஆவலாகத் தின்றதோடு, மாவிலைச் சருகில் வளர்ந்தவற்றைவிட வேகமாக வளர்ந்தன, வேகமாகப் பெருகின. அந்த உரம் கத்தரிச் செடிக்கும் நன்றாக வேலை செய்தது. இங்கேயும் "மட்கவைத்த" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். கோயிலிலிருந்து ஈரத்தோடு வந்த பச்சை வேப்பிலையைக் கூடையோடு தொட்டியில் கொட்டினால், கசப்பு இருக்கட்டும், சூடே புழுவை விரட்டிவிடும்.

எனக்குப் பிடித்த சருகு தூங்குமூஞ்சி மரத்துடையது. அடுத்து வாகை, புங்கன். இவையெல்லாம் அவரைக் குடும்பத்து மரங்கள். இலையில் தழைச்சத்து மற்றவற்றைவிடக் கூடுதல். தூங்குமூஞ்சி, வாகை இரண்டுக்கும் சிற்றிலைகள் என்பதால் நறுக்கும் வேலையும் இல்லை, ஒன்றோடொன்று ஒட்டி அடையாகவும் ஆகாது. அரச இலை மெல்லியது, சீக்கிரம் வசப்படும். பாதாம் மரத்து இலை கையகலம் இருக்கும், துவர்ப்பும் அதிகம். நொறுக்காமல் போட்டால் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கிப் படிந்து, மேலே ஊற்றும் தண்ணீரைப் பக்கவாட்டில் வழியவிட்டுவிடும். கீழே காய்ந்து கிடக்கும். தேக்கிலையும் அப்படித்தான். யூகலிப்டஸ் சருகை வீட்டுத் தொட்டிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் எண்ணெய் போக நாளாகும். அதைவிட நல்ல இலை தெருவிலேயே இருக்கும்போது அந்தச் சிரமம் எதற்கு?

சருகு எங்கே எடுக்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. செவ்வாய்ப்பேட்டை நெருக்கமான ஊர். லீ பஜார் மண்டிகள், வெள்ளிப் பட்டறைகள், சேலம் மார்க்கெட் ரயில் நிலையம் என்று அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் மரம் நிற்பது கோயில், பள்ளிக்கூடம், பழைய வீட்டுக் கொல்லை என்று சில இடங்களில்தான். சாலையோரம் கூட்டிய குப்பையில் சருகோடு பிளாஸ்டிக்கும், பாக்குப் பொட்டலமும், வண்டி எண்ணெயும் சேர்ந்து வரும். பட்டறை வாசலில் கிடக்கும் சருகை எடுக்கவே வேண்டாம். அமிலமும் உலோகத் தூளும் படிந்த எதுவும் புழுவின் உடம்பில் போய்த் தங்கும். அந்த உரம் நம் கீரைக்குத்தான் வரும். ஏற்காட்டு அடிவாரக் காட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வரலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அந்தச் சருகு அந்தக் காட்டு மண்ணுக்குச் சொந்தம். வீட்டு மரம், கோயில் மரம், பள்ளிக்கூட மரம் போதும். நாள்பட ஈரத்தில் கிடந்த குவியலை அள்ளும்போது பூரான் இருக்கிறதா என்று கிளறிப் பாருங்கள். கையைக் கடிக்கும் என்பதோடு, தொட்டிக்குள் வந்தால் புழுவையும் பிடித்துத் தின்னும்.

சரி, செய்முறை. சருகைச் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, மேலே ஏறி மிதியுங்கள்; அல்லது கட்டையால் தட்டுங்கள். காய்ந்த சருகு நொறுங்கும், ஈரமானது நொறுங்காது. அதனால் நனைப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். மாவிலை, பாதாம் இலையென்றால் கால் பங்காக உடைந்தால் போதும், தூளாக வேண்டாம். தூளானால் காற்று போக வழி இருக்காது. பிறகு ஒரு பெரிய வாளியில் மூழ்கும்படி தண்ணீர் விட்டு, மேலே கல் வைத்து ஒருநாள் ஊறவிடுங்கள். மறுநாள் தண்ணீர் பால் விடாத டீயின் நிறத்தில் இருக்கும். இறங்கியிருப்பது டானின். அதைச் செடிக்கு ஊற்றாமல் கொட்டிவிட்டு, துவர்ப்பான இலையாக இருந்தால் இன்னொரு முறை தண்ணீர் மாற்றலாம்.

வடித்த சருகை, கரைத்த சாணிப்பாலில் புரட்டி, ஓட்டை போட்ட சாக்கிலோ மூங்கில் கூடையிலோ நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை புரட்டி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளித்தால் போதும். முதல் வாரம் கொஞ்சம் சூடு ஏறி இறங்கும். அதன்பின் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை படரும். அதைப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. நாம் காத்திருந்ததே அதற்காகத்தான். லிக்னினை உடைக்கிற வேலை பெரும்பாலும் பூஞ்சையுடையது; புழுவால் ஆகாது. தூங்குமூஞ்சி, வாகைச் சருகு மூன்று நான்கு வாரத்தில் பதத்துக்கு வரும். மாவிலைக்கு இரண்டு மாதத்துக்கு மேலேயே ஆகலாம். பதம் பார்ப்பது எளிது: ஒரு இலையை எடுத்து மடக்குங்கள். சத்தம் வரக்கூடாது. இழுத்தால் நார்போல் கிழிய வேண்டும். மண்வாசனை வர வேண்டும், புளித்த வாடையோ மூக்கை எரிக்கும் வாடையோ இருக்கக்கூடாது. கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

சாணி கிடைக்காத வீட்டில் நாமக்கல் பக்கத்துக் கோழி எருவைப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். நம் சமவெளியில் அதற்குப் பஞ்சமில்லை. அது புழுவுக்கு நேரடியாகக் கொடுக்கக்கூடாத பொருள். அம்மோனியாவும் உப்பும் சூடும் சேர்ந்து ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்துவிடும். ஆனால் சருகுச் சாக்கில், கூடைக்கு ஒரு கையளவு என்று தூவி மட்கவிட்டால், சருகில் குறைவாக இருக்கும் தழைச்சத்தை அது கொடுத்து வேலையை முடுக்கும். வாடை முழுக்கப் போனபிறகுதான் தொட்டிக்கு எடுக்க வேண்டும். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பி இதற்கு நேர் எதிர். மாவுச்சத்து மிச்சமிருப்பதால் நொதித்துப் புளிக்கும். படுக்கைக்கு ஆகாது; மட்கிய சருகோடு சிறிதளவு தீனியாகக் கலக்கலாம்.

சருகோடு சேர்க்க நல்ல துணை வைக்கோல். மாம்பழ சீசனில் பெட்டிகளோடு வந்து மண்டியில் வீசப்படும் வைக்கோலைக் கேட்டால் கொடுப்பார்கள். பழுக்கவைக்கும் கார்பைட் கல் பொட்டலம் ஏதும் அதில் கிடந்தால் அந்த வைக்கோலையே தொடாதீர்கள். தென்னைநார்க் கழிவும் நல்லதுதான். உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசிவிட்டுச் சருகில் கால் பங்கு கலந்தால் கோடையில் ஈரம் நிற்கும்.

தொட்டியின் அடியில் துளைகள் இருக்கட்டும். அதன்மேல் இரண்டு விரற்கடை உடைத்த தேங்காய் மட்டை, பிறகு ஆறு முதல் எட்டு அங்குலம் மட்கிய சருகு, ஒன்றிரண்டு கைப்பிடி தோட்டத்து மண். மண் எதற்கென்றால் அரைவைப்பைக்கு. சருகைக் கையில் அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். தாரையாக ஒழுகினால் ஈரம் அதிகம். பிறகு புழுவை மேலே விடுங்கள், அதுவாக இறங்கும். மறுநாளும் இறங்காமல் விளிம்பில் கூடி நின்றால் சருகு இன்னும் பதப்படவில்லை என்று அர்த்தம். புழு வேண்டுமானால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பார்க்கலாம். பரவலாகக் கிடைப்பவை ஆப்பிரிக்க மண்புழுவும், ஐசீனியா ஃபெடிடா என்கிற சிவப்புப் புழுவும். சென்னை நியூ காலேஜில் பேராசிரியராக இருந்த முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில், பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், லாம்பிட்டோ மௌரிட்டி என்ற நம் ஊர் இனங்களைக் கொண்டே உரம் செய்யும் முறையைப் பல வருஷமாக விவசாயிகளிடம் கொண்டுபோனவர். பெரியோனிக்ஸ் சருகடியில் வாழ்கிற இனம். சருகுப் படுக்கை அதற்குப் பிறந்த வீடு. மழைநாளில் கும்பலாக வெளியே ஏறி ஊர்ந்து போகிற குணம் மட்டும் உண்டு, மூடி வைக்க வேண்டும்.

தீனி போடும்போது சருகை விலக்கி, கழிவைப் புதைத்து, திரும்பச் சருகால் மூடிவிடுங்கள். பழ ஈ தொல்லைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. சித்திரை வெயிலில் மேலே மூன்று அங்குலம் பதப்படாத காய்ந்த சருகும், அதன்மேல் நனைத்த சாக்கும் போடுங்கள். சாக்கின் ஈரம் ஆவியாகும்போது கீழே குளிரும். சாக்கு காயவிட்டால் சிற்றெறும்பு குடியேறும். தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது நல்லது.

வருஷத்துக்கு வேண்டிய சருகு மாசி, பங்குனியில் வந்துவிடும். வேம்பும் புங்கனும் அரசும் கொட்டித் தீர்க்கிற சில வாரங்கள். அந்தச் சமயத்தில்தான் தெருவுக்குத் தெரு கூட்டிக் குவித்துத் தீ வைக்கிறார்கள். குப்பையைத் திறந்த வெளியில் எரிக்கக்கூடாது என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. குழந்தைகளும் பெரியவர்களும் இருமுகிற புகை அது. மரம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு நமக்கென்று விட்டுவைத்த சுண்ணாம்பும் கார்பனும் சாம்பலாகவும் புகையாகவும் போவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை. நான்கைந்து சாக்கு எடுத்துக்கொண்டு கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ கூட்டுகிற அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கும் அள்ளிக்கொண்டு போகிற வேலை மிச்சம். நன்றாகக் காய்ந்த சருகை மிதித்து அமுக்கிக் கட்டினால் மழை படாத மூலையில் வருஷம் முழுக்க இருக்கும். ஒரு வீட்டுத் தொட்டிக்கு அது தாராளம். மாதாமாதம் அதிலிருந்து கொஞ்சம் எடுத்து ஊறப்போட்டு வந்தால், ஒன்று தொட்டியில் கரையும்போது அடுத்தது பதத்துக்கு வந்திருக்கும்.

உரம் எடுக்கும்போது சலித்தால் சல்லடையில் இலை நரம்பும் காம்பும் தங்கும். கூடவே எலுமிச்சை விதையைவிடச் சிறியதாக, மஞ்சளும் பழுப்புமாகப் புழுவின் முட்டைக்கூடுகள் இருக்கும். அவற்றைத் தனியே பொறுக்க வேண்டாம். சல்லடையில் தங்கியதை அப்படியே புதுச் சருகுப் படுக்கையின் மேல் பரப்பி, ஈரச்சாக்கால் மூடிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் குஞ்சுகள் வெளியே வரும்.